சோளகத்தில் பாய்ப்பலகை: வன்னியின் மேற்குக் கரையில் முதல் பலத்த காற்று நாள்

விண்ட்சர்ஃபிங் எனப்படும் பாய்ப்பலகை ஓட்டத்தை மெல்லிய காற்றில் ஓரளவு பழகிவிட்டு, இலங்கையின் வடக்கே வன்னியில் வீசும் ஆடி மாதத்துத் தென்மேற்குக் காற்றாகிய சோளகத்தில் முதன்முறையாக இறங்க விரும்புவோருக்காக இதை எழுதுகிறேன். 10 அல்லது 12 நொட் (கடலில் காற்றின் வேகத்தை அளக்கும் அலகு) காற்றில் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வர முடிகிறவரும், இடுப்பளவு நீரில் நின்றபடி பலகையில் ஏறிப் புறப்படத் தெரிந்தவரும் இதன்படி நடக்கலாம். இவை இரண்டும் இன்னும் கைவராதவர்கள், வாடை ஓய்ந்து சோளகம் தொடங்காத பங்குனி, சித்திரை மாதங்களில் இதே கரைக்கு வந்து பழகிக்கொள்வது நல்லது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அந்தக் காற்றில் எவரும் அரிச்சுவடி படிக்கக் கூடாது.

காற்று 20 நொட்டை நெருங்கும்போது, அதுவரை நீரைத் தள்ளிக்கொண்டு சென்ற பலகை திடீரென நீரின் மேல் எழுந்து வழுக்கத் தொடங்குகிறது. அடிப்பாகத்தில் சிற்றலைகள் சளார் சளார் என்று அறையும் ஓசை நின்றுவிடும். அதற்குப் பதிலாகப் புதுத் துணியை ஒரே இழுப்பில் கிழிப்பது போன்ற சீரான ஓசை பாதத்துக்குக் கீழே எழும். பலகையின் அடியில், பின்புறத்தில் பொருத்திய செட்டையின் அதிர்வு குதிகாலில் தெரியும். முதன்முறை அது நேர்ந்தபோது என்னையறியாமல் கூவிவிட்டேன், கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த இருவர் தலை நிமிர்ந்து பார்த்தார்கள். அந்தச் சில நொடிகளுக்காகவே மற்ற எல்லா ஆயத்தங்களும் செய்யப்படுகின்றன. அவற்றில் பெரும்பகுதி கரையிலேயே நடந்து முடிகிறது என்பதால், இக்கட்டுரையிலும் நீரில் இறங்குவதற்கு முந்திய பகுதியே நீளமாக இருக்கும்.

காற்றுக்கு ஏற்ற கரையைத் தெரிதல்

சோளகம் வைகாசி நடுப்பகுதியில் தொடங்கிப் புரட்டாதி வரை நீடிக்கும் தென்மேற்குக் காற்று. மத்திய மலைகளின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டும் அதே காற்று வன்னியில் வறண்டு வீசுகிறது. மேகமில்லாத நீல வானத்தின் கீழேயே கடல் வெண்ணுரை தள்ளிக்கொண்டிருக்கும். வெயிலைக் கண்டு நல்ல நாள் என்று எண்ணுவது வெளியூரிலிருந்து வருவோர் செய்யும் முதல் தவறு.

இரண்டாவது தவறு பெரியது. ஒரே காற்று வன்னியின் ஒவ்வொரு கரையிலும் வெவ்வேறு திசைக்குத் தள்ளுகிறது. முல்லைத்தீவு, அளம்பில், நாயாறு போன்ற கிழக்குக் கரைகளில் சோளகம் தரையிலிருந்து கடலுக்கு வீசும். அங்கே கரையோரம் நிலமும் மரங்களும் காற்றை மறைப்பதால் நீர் கண்ணாடி போல அமைதியாகத் தெரியும். இருநூறு மீற்றர் வெளியே சென்றதும் காற்று முழு பலத்துடன் பிடித்துக்கொள்ளும். அதன்பின் திரும்பும் வழி முழுவதும் காற்றை எதிர்த்தே வரவேண்டும். பாய் கிழிந்தாலோ கை சோர்ந்தாலோ உங்களை ஏந்திக்கொள்ள முன்னால் வங்காள விரிகுடாவைத் தவிர வேறொன்றும் இல்லை. மன்னார்த் தீவின் வடகரையான பேசாலைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். தீவின் தென்கரையான நடுக்குடாப் பக்கத்தில் காற்று கடலிலிருந்து கரைக்கு வருகிறது என்றாலும், அங்கே அலைகள் கரையிலேயே உடைவதால் புதியவர் முதல் ஐம்பது மீற்றரைத் தாண்டுவதற்குள் களைத்துவிடுவார். கிழக்குக் கரையும் பேசாலையும் வேறு பருவங்களுக்கும் வேறு தேர்ச்சிக்கும் உரியவை.

குளங்களைப் பற்றியும் சிலர் கேட்பதுண்டு. இரணைமடு போன்ற பெருங்குளங்களில் ஆடி மாதத்தில் நீர் இறங்கியிருக்கும், சுற்றியுள்ள காடு காற்றைத் துண்டு துண்டாக்கும், முதலைகளும் உண்டு. குளத்தை விட்டுவிடுங்கள்.

முதல் நாளுக்கு நான் பரிந்துரைப்பது பூநகரிக்குத் தெற்கே கிராஞ்சி, வலைப்பாடு, நாச்சிக்குடா என்று நீளும் மேற்குக் கரையை. பரந்தனிலிருந்து பூநகரிக்கு வந்து ஏ32 வீதியில் தெற்கே திரும்பினால், கடலை நோக்கிச் செல்லும் கிளை வீதிகள் வரும். இங்கே கடலைப் பார்த்து நின்றால் சோளகம் இடப்புறத்திலிருந்து சற்று முன்னால் வந்து முகத்தில் படும். இதனால் வடமேற்காகப் புறப்பட்டுத் தென்கிழக்காகத் திரும்பினால், இரு வழியிலும் காற்று பக்கவாட்டிலேயே இருக்கும். எதுவும் செய்ய இயலாமல் மிதந்தாலும் காற்று வடகிழக்காக, அதாவது கரையை நோக்கியே கொண்டுவரும். ஆழமும் நெடுந்தூரத்துக்குக் குறைவு. புதியவருக்கு இதைவிடப் பெரிய காப்பு வேறு எதுவும் இல்லை.

மன்னார் வழியாக வருவோருக்குக் காற்றின் திசையைக் காட்ட ஒரு பெருங்கருவி நிற்கிறது. மன்னார்த் தீவின் தென்கரையில் அமைந்த தம்பபவனி காற்றாலைப் பூங்காவின் 30 கோபுரங்களும், மொத்தம் 103.5 மெகாவாட் கொள்ளளவுடன், எப்போதும் காற்று வரும் திக்கை நோக்கியே தம் முகத்தைத் திருப்பி நிற்கும். அவை தென்மேற்கைப் பார்த்து நின்றால் மேற்சொன்ன கணக்கு சரி. நேர் மேற்கைப் பார்த்து நின்றால், அது எங்கள் ஊர்களில் கச்சான் என்று சொல்லும் காற்று. அன்று வலைப்பாட்டுக் கரையில் அது கடலிலிருந்து நேராக வந்து முகத்தில் அறைவதால், வெளியே போவதே கடினமாகும்.

காற்றின் அளவு, பாயின் அளவு

வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடல்சார் எதிர்வுகூறல் காற்றின் வேகத்தை மணிக்குக் கிலோமீற்றரில் தருகிறது. பாய்ப்பலகைக்காரர் நொட்டில் பேசுவர். 1 நொட் என்பது மணிக்கு 1.852 கிலோமீற்றர். ஆகவே 20 நொட் ஏறத்தாழ 37, 25 நொட் 46, 30 நொட் 56 கிலோமீற்றர். முதல் பலத்த காற்று நாளுக்கு 25 நொட்டை உச்ச எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். கடற்றொழிலாளருக்கு எச்சரிக்கை விடுக்கப்பட்ட நாளில் கரையில் இருந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வாழ்நாள் முழுவதும் கடலில் கழித்தவர் வள்ளத்தைக் கரையேற்றி வைத்திருக்கும்போது, விருந்தினராக வந்தவர் இறங்குவது எவ்வகையிலும் தகாது.

இங்கு புரிந்துகொள்ள வேண்டிய ஒரு கணக்கு உண்டு. காற்றின் வேகம் இரட்டிப்பானால் அது பாயில் செலுத்தும் விசை நான்கு மடங்காகும். 12 நொட்டில் நீங்கள் இனிமையாக ஓட்டிய அதே பாய், 24 நொட்டில் நான்கு பேராக வந்து இழுக்கும். எனவே பாயைச் சிறிதாக்குவது வலிமையற்றவரின் செயல் என்று எண்ண வேண்டாம். ஏறத்தாழ 70 கிலோ எடையுள்ளவருக்கு 18 நொட்டில் 5.3 சதுர மீற்றர், 25 நொட்டில் 4.2 சதுர மீற்றர், 30 நொட்டில் 3.7 சதுர மீற்றர் என்ற அளவில் பாய் போதுமானது. எடை கூடினால் சற்றுப் பெரிதாகவும் குறைந்தால் சற்றுச் சிறிதாகவும் தெரிந்துகொள்ளலாம். இரண்டு பாய்களுக்கு இடையில் மனம் தடுமாறினால் சிறியதைக் கட்டுங்கள். காலை 8 மணிக்கு இருக்கும் காற்று முற்பகலில் ஏறிப் பிற்பகலில் உச்சம் தொடுவது இக்கரையின் வழக்கம் என்பதால், காலையில் சற்றுச் சிறிதாகத் தோன்றும் பாய் பதினொரு மணிக்கு அளவானதாகிவிடும்.

இதை நான் நட்டப்பட்டே கற்றேன். பல ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆடிக் காலையில், கையில் இருந்த ஒரே பாய் 6.5 சதுர மீற்றர் என்பதால் அதையே கட்டிக்கொண்டு இறங்கினேன். ஒரு மணி நேரம் எல்லாம் இனிமையாக இருந்தது. பின்னர் காற்று ஏறியது. பாயை நீரிலிருந்து தூக்கவே முடியவில்லை. தூக்கினால் என்னைத் தூக்கி எறிந்தது. மிதந்து மிதந்து ஒரு கடலட்டைப் பண்ணையின் வலைவேலியில் போய் மாட்டினேன். விரல்கள் மடங்கியபடியே இறுகிப்போய், கயிற்றை அவிழ்க்கவும் விரியவில்லை. வள்ளத்தில் வந்து என்னை ஏற்றிக்கொண்ட முதியவர் கரை சேரும் வரை ஒன்றும் பேசவில்லை. இறங்கும்போது மட்டும், "தம்பி, காத்து எவ்வளவு எண்டு பாத்து வந்தனீ, சரி. எப்பிடித் திரும்பி வாறதெண்டு யோசிச்சனியோ?" என்று கேட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் பாய் கட்டுவதற்கு முன் அந்தக் கேள்விக்கு விடை சொல்லிவிட்டே கயிற்றைத் தொடுகிறேன்.

பலகையைப் பொறுத்தவரை, தேர்ந்தவர்கள் தம் எடையைவிடச் சற்றே கூடிய கொள்ளளவுள்ள சிறு பலகையில் பறப்பதைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். உங்கள் எடையின் கிலோ எண்ணிக்கையுடன் 30 முதல் 40 வரை கூட்டினால் வரும் லீற்றர் கொள்ளளவு முதல் நாளுக்கு ஏற்றது. 70 கிலோ எடைக்கு 100 முதல் 110 லீற்றர். காற்று விழுந்துவிட்டாலும் அதன்மேல் நின்று பாயை இழுத்துத் தூக்கி மெதுவாக வீடு திரும்பலாம்.

கரையில் பாய் கட்டும் முறை

வேலியோ கடற்றொழிலாளரின் குடிலாகிய வாடியோ காற்றை மறைக்கும் இடத்தில், முள்ளும் சிப்பியும் இல்லாத மணலில் பாயை விரியுங்கள். சுருளைப் பிரிக்கும்போதே அதன்மேல் ஒரு முழங்காலை ஊன்றிக்கொள்ள வேண்டும். பாய்மரம் செருகப்படாத பாயைக் காற்று ஒரு கணத்தில் பிடுங்கிக்கொண்டு போய்விடும். பாய்மரத்தின் இரு துண்டுகளையும் பொருத்தும் முன் இணைப்பில் ஒரு மணல்துகளும் இல்லாதபடி துடையுங்கள். மணலோடு இறுகிய பாய்மரத்தை மாலையில் பிரிக்க இரண்டு பேர் மல்லுக்கட்ட வேண்டிவரும்.

அடுத்து, கீழ்நோக்கி இழுக்கும் கயிறு. பலத்த காற்றில் அனைத்தையும் தீர்மானிப்பது இதுதான். பாயின் உச்சிக்கு அருகே, பின் ஓரத்துத் துணி தளர்ந்து அலைபாயும் வரை இக்கயிற்றை இழுக்க வேண்டும். கண்ணுக்கு இது தவறாகத் தோன்றும். விறைப்பாக நிற்கும் பாய்தானே நல்ல பாய் என்று மனம் சொல்லும். ஆனால் உச்சி தளர்ந்திருந்தால்தான் திடீர் வீச்சு வரும்போது மேற்பகுதி தானாகத் திறந்து மிகைக் காற்றை வெளியேற்றும். விறைப்பான உச்சி அதே வீச்சை முழுவதுமாக உங்கள் கைக்குக் கொடுத்துவிடும். கையால் மட்டும் இழுத்தால் போதாது. கயிற்றை ஒரு கட்டையில் சுற்றி, பாய்மர அடியில் காலை உதைத்துக்கொண்டு, உடல் எடையால் பின்னே சாய்ந்து இழுங்கள். இதற்கு இழுபடாத கயிறு வேண்டும். வாடியில் கிடைக்கும் நைலோன் கயிறு ஈரத்தில் நீண்டு அரை மணி நேரத்தில் பாயைத் தொளதொளவென்று ஆக்கிவிடும். உதிரிப்பாகங்கள் அருகில் கிடைக்கும் என்று எண்ணி வரக் கூடாது. ஒரு மாற்றுக் கயிறும், பாய் ஒட்டும் நாடாவும், அடி இணைப்பின் மாற்று றப்பரும் பையில் இருக்கட்டும்.

பிடிகம்பாகிய பூமைத் தோளுக்கும் நாடிக்கும் இடைப்பட்ட உயரத்தில் பூட்டி, அதன் பூட்டு அசையாததை இருமுறை உறுதிசெய்யுங்கள். பின்னோக்கி இழுக்கும் கயிறு மிதமாக இருக்கட்டும். இடுப்பில் அணியும் பட்டியாகிய ஹார்னஸின் கொக்கியை மாட்டும் கயிறுகளைக் காற்று பாயை இழுக்கும் நடுப்புள்ளியின் இரு பக்கமும் சிறிது இடைவெளியில் கட்டுங்கள். கரையிலேயே பாயைக் காற்றுக்குப் பிடித்துப் பார்த்தால், எந்தக் கை கூடுதலாக நோகிறதோ அந்தப் பக்கம் கயிற்றை நகர்த்த வேண்டும் என்பது தெரிந்துவிடும். கடைசியாக, பலகையையும் பாய்மரத்தையும் இணைக்கும் அடி றப்பரை வளைத்து வெடிப்பு உண்டா என்று பாருங்கள். 1964 ஆம் ஆண்டில் நியூமன் டார்பி பலகையில் பாய் வைத்து ஓட்டினார். 1968 ஆம் ஆண்டில் ஜிம் டிரேக்கும் ஹொய்ல் ஷ்வைட்சரும் காப்புரிமைக்கு விண்ணப்பித்த வடிவில், எந்தப் பக்கமும் சாயக்கூடிய இந்த இணைப்பே உயிர்நாடியாக இருந்தது. சுக்கான் இல்லாமல் பாயைச் சாய்த்தே திசை திருப்புவதும், கையை விட்டதும் பாய் நீரில் விழுந்து பலகை நின்றுவிடுவதும் இதனால்தான் இயலுகின்றன. இந்த றப்பர் அறுந்தால் திசையும் இல்லை, ஓட்டமும் இல்லை.

இக்கரையில் கடற்புல்லாகிய சாதாழை அடர்ந்து வளர்வதால் செங்குத்தான நீண்ட செட்டை அதை வாரிக்கொண்டு வேகம் இழக்கும். பின்னோக்கிச் சரிந்த குட்டையான செட்டையே பொருத்தம்.

சொல்லிவிட்டுச் செல்லுதல்

மேற்குக் கரையின் ஆழமற்ற நீரில் கடலட்டைப் பண்ணைகளின் வலைவேலிகளும், தடி நட்டு வலை கட்டிய மீன்பொறிகளாகிய களங்கண்டிகளும், சிறகுவலைகளின் தடிகளும் பரவியிருக்கின்றன. அலை எழுந்திருக்கும்போது அவை தூரத்திலிருந்து தெரியாது. ஆகவே முதலில் கரையில் இருக்கும் கடற்றொழிலாளரிடம் போய், எங்கிருந்து எதுவரை ஓடலாம் என்று கேட்டு, மணலில் ஒரு படம் வரைந்து தரச் சொல்லுங்கள். அது அவர்களுடைய வயல். வேலியை அறுத்துவிட்டு மன்னிப்புக் கேட்பதைவிட முன்கூட்டிக் கேட்பது அழகு. ஊரின் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்துக்கும் அருகில் கடற்படைக் காவலரண் இருந்தால் அங்கும் தெரிவியுங்கள். ஒரு வள்ளக்காரருக்கு எரிபொருள் செலவையும் அரைநாள் கூலியையும் முன்பே கொடுத்து, இயந்திரத்துடன் ஆயத்தமாக இருக்கச் சொல்லுங்கள். எத்தனை மணிக்குக் கரையேறுவீர்கள் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.

காற்று உங்களை அறியாத கரையொன்றில் கொண்டுபோய்ச் சேர்த்தால், நீர் விளிம்பை ஒட்டியே நடந்து திரும்புங்கள். மிதிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள நிலத்துக்குள் எக்காரணத்தைக் கொண்டும் கால் வைக்கக் கூடாது. விடத்தல்தீவு, வங்காலைப் பக்கத்துப் பறவைச் சதுப்புகளுக்குள்ளும் பாயுடன் புகவேண்டாம்.

தலைக்கவசம், மிதவைச் சட்டை, ஊதல், நீண்ட கைச்சட்டை, அடி தடித்த நீர்ச்சப்பாத்து ஆகியவை இன்றியமையாதவை. கரையில் மூன்று லீற்றர் குடிநீராவது இருக்கட்டும்; காற்று வியர்வையை உடனே உலர்த்திவிடுவதால் தாகம் பிந்தியே தெரியும்.

நீரில் முதல் ஓட்டம்

பலகையைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது பாய்மரத்தைக் காற்று வரும் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். நீரில் பாதங்களைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடந்தால், மணலில் புதைந்து கிடக்கும் திருக்கை விலகிப் போய்விடும். முள் குத்திவிட்டால் காயத்தைத் தாங்கக்கூடிய சூட்டில் உள்ள வெந்நீரில் வைத்துக்கொண்டு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும்.

இடுப்பளவு ஆழம் வரும் வரை பலகையில் ஏற வேண்டாம். ஆழம் அதற்குக் குறைந்தால் செட்டை மணலில் குத்தி, நீங்கள் முன்னே எறியப்படுவீர்கள். பலகையின் முன்முனையாகிய அணியத்தை வடமேற்காக, காற்றுக்குக் குறுக்கே திருப்பி, காற்று வரும் பக்கத்தில் நின்றுகொண்டு, இடக்கை முன்னும் வலக்கை பின்னுமாக பூமைப் பிடியுங்கள். பின்காலைப் பலகையின் நடுக்கோட்டில் வைத்து, குதிகாலால் அதை உங்கள் பக்கம் இழுங்கள். பிறகு கைகளை நீட்டி, பாயை உயர்த்தி, மார்பைப் பாய்மரத்தின் பக்கம் கொண்டுசெல்லுங்கள். பலத்த காற்றில் நீங்கள் ஏற வேண்டியதில்லை, காற்றே ஏற்றிவிடும். ஏறியவுடன் பின்கையை இழுத்துப் பாயை மூடினால் மறுபக்கம் போய் விழுவீர்கள். சற்றே திறந்தபடி வைத்து, இரு காலும் நிலைத்தபின் மெல்ல மெல்ல மூடுங்கள்.

இந்தப் பின்கைதான் நாள் முழுவதும் உங்களைக் காக்கப் போகிறது. காற்று வீச்சு வீச்சாக வரும். ஒவ்வொரு வீச்சுக்கும் முன் காற்று வரும் பக்கத்து நீரில் கருநிறத் திட்டு ஒன்று ஓடி வருவதைக் காணலாம். அதைக் கண்டதும் முழங்காலைத் தளர்த்தி, இடுப்பைத் தாழ்த்தி, எடையை ஹார்னஸில் தொங்கவிட்டுக் காத்திருங்கள். வீச்சு தாக்கும்போது பின்கையை ஒரு சாண் திறந்தால் மிகையானது வழிந்து போகும். வீச்சு தணிந்ததும் மீண்டும் மூடுங்கள். புதியவரின் உடல் இதற்கு நேர்மாறாகச் செய்யத் துடிக்கும். பயம் வந்ததும் இரு கைகளும் பூமை நெஞ்சோடு அணைக்கும், பாய் முழுவதும் மூடிக்கொள்ளும், வேகம் இன்னும் கூடும். ஆகவே முதல் நான்கு ஓட்டங்களில் கால்பட்டியைத் தேட வேண்டாம், வேகத்தையும் தேட வேண்டாம். நூறு மீற்றர் போய்த் திரும்பி, பின்கையைத் திறப்பதையும் மூடுவதையும் மட்டும் பழகுங்கள்.

திரும்புவதற்கு வேகத்தோடு வளைய முயல வேண்டாம். பாயைப் பின்னே சாய்த்து அணியத்தைக் காற்றுக்கு எதிரே கொண்டுவந்து நிறுத்தி, நீரில் இறங்கி நின்று, பலகையைத் திருப்பி, மறுபடியும் ஏறிக்கொள்ளுங்கள். ஆழமற்ற கடல் தரும் இந்த வசதியை வெட்கமின்றிப் பயன்படுத்தலாம். ஒவ்வொரு ஓட்டத்திலும் புறப்பட்ட இடத்தைவிடச் சற்றுத் தெற்கே, அதாவது காற்று வரும் பக்கமாக வந்து சேர முயலுங்கள். இரண்டு முறை தொடர்ந்து வடக்கே நழுவினால் கரையேறிச் சிறிய பாயைக் கட்டும் நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

விழுவதும் இதில் ஒரு பாடம். பாய் உங்களை முன்னே தூக்கி எறியும்போது பூமை விட்டுவிடாதீர்கள். பிடித்திருந்தால் தலை பாய்மரத்தில் மோதாமல் உடல் பாயின் மேல் சரியும். பின்னே விழும்போது கால்களை ஊன்ற முயலாமல் முதுகால் பரவலாக விழுங்கள். எழுந்ததும் முதலில் பலகையைப் பிடியுங்கள்.

கை ஓய்ந்தாலோ ஏதேனும் உடைந்தாலோ பலகையை விட்டு நீந்தத் தொடங்கக் கூடாது. பலகையில் அமர்ந்து, இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, மெதுவாகத் தலைக்கு மேல் உயர்த்தித் தாழ்த்திக்கொண்டே இருங்கள். கடலில் உதவி கேட்கும் இந்தச் சைகை என்ன என்பதை வள்ளக்காரருக்குக் காலையிலேயே செய்து காட்டியிருக்க வேண்டும்.

நாற்பத்தைந்து நிமிடத்துக்கு ஒருமுறை கரையேறி, தண்ணீர் குடித்து, விரல்களை ஒவ்வொன்றாகப் பின்னே வளைத்து நீட்டுங்கள். இன்னும் ஒரே ஒரு ஓட்டம் என்று மனம் கெஞ்சும்போது முன்கையைத் தொட்டுப் பாருங்கள். அது கல்லாக இறுகியிருந்தால் அன்றைக்கு அது போதும். பாயைச் சுருட்டும் முன் நன்னீரால் கழுவி, இணைப்புகளையும் கப்பிகளையும் உப்புப் போக அலசுங்கள்.

அதற்கும் முன்பாக, ஈர உடையோடேயே வாடிக்குப் போய், காலையில் சொல்லிவிட்டுச் சென்றவர்களிடம் வந்துவிட்டேன் என்று சொல்லுங்கள். நீங்கள் வந்து சொல்லும் வரை அவர்களில் ஒருவராவது வலை பொத்தும் ஊசியை அவ்வப்போது நிறுத்திக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்.